எடின்பரோ அரங்கில் ஒரு தமிழர்

1910ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேராளர்கள் அமர்ந்திருந்த அவ்வவையில் ஆசியர் 20 பேர் அளவிலேயே இருந்தனர். ஆசிய நாடுகளின் ஆன்ம நலனைப் பற்றிப் பேசக் கூடிய அவைக்கு இஃது ஒரு விந்தையே! அச்சிலருள் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், சிற்றூர்க் குருவானவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 35.

அயல்நாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பது பற்றிப் பேசும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டிருந்தது. மிஷனெரிமாரின் ஈகத்தை அவர் குறைத்துரைக்கவில்லை. பள்ளிகளும் மருத்துவமனைகளும் அவர்தம் உழைப்பின் பயன் என்பதை அவர் நன்கு அறிவார். ஆயினும் ஒரே வட்டாரத்தில் பல்லாண்டு பணியாற்றிய இந்தியரோடு ஒரே பந்தியில் அமர்ந்துண்பதுங்கூட அந்நாளில் அரிதாயிருந்தது. கொடுப்போர் கையும் ஏற்போர் கையும் என்ற நிலை நீடிக்கும்வரை உறவு உண்டாகாது என்பதே அவர் பேச்சின் உட்பொருள். இறுதியில் அவர் கேட்டது பணமன்று, ஆட்களன்று, நட்பு. அவையில் சிலர் சினந்தனர். சிலர் உள்ளம் கரைந்தனர்.

திருக்குறள் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்களைத் தொடர்ந்து வகுத்திருப்பதும், அவற்றுள் ஒன்றான 'பழைமை', நண்பர் உரிமையோடு செய்வதைப் பொறுத்தலைப் பேசுவதும் இங்கு நினைக்கத்தக்கன. அசரியா எடுத்துக்கொண்டது அவ்வுரிமையையே. பகைவராயின் அவர் எடின்பரோவரை சென்றிருக்க வேண்டியதில்லை.

இக்கோரிக்கை ஏட்டறிவில் பிறந்ததன்று. 1896இல் இந்தியா வந்து தமிழ் கற்ற அமெரிக்கரான ஷெர்வுட் எட்டியும் அசரியாவும் இளைஞர் கிறித்தவச் சங்கப் பணியில் இணைந்து உழைத்து உற்ற நண்பராயினர். நிறவேற்றுமையைக் கடந்த நட்பு இயலும் என்பதை அவர் வாழ்ந்தறிந்திருந்தார்; அதனாலேயே அஃது அரிதாயிருப்பது அவரை உறுத்தியது எனலாம். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தாமே மிஷனெரிப் பணி நடத்துவதைக் கண்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. அயலார் பணமின்றி இந்தியர் கையால் நடக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. சமநிலை இல்லாத இடத்தில் நட்பு நில்லாது என்பதை உணர்ந்தவர் செய்யக்கூடிய முதற்பணி அதுவே.

சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் அவரைப் பேராயராக்க முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஐரோப்பியர் இந்தியர் ஒருவரின் கீழ்ப் பணியாற்றுவரா என்ற ஐயம் பலர்க்கு இருந்தது. எதிர்த்தோருள் இந்தியக் கிறித்தவரும் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் அருட்பொழிவு நடந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லில் அவர் எதிர்கொண்டது வேறொரு சோதனை. இப்போது உயர்ந்த இருக்கையில் இருந்தவர் அவர்! தெலுங்கு கற்று, மாட்டுவண்டியில் மாலா, மாதிகா மக்களின் குடியிருப்புகளைத் தேடிச் சென்றார். தாம் எடின்பரோவில் பிறரிடம் கேட்டதை இங்கே தாமே கொடுக்க வேண்டியிருந்தது.

1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஒருமைப்பாட்டு முயற்சியின் முன்னணியிலும் அவர் நின்றார். 1945 சனவரி 1இல் அவர் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உருவான 1947 செப்டம்பர் 27ஐ அவர் காணவில்லை.