குத்தகையும் கூலியும்: கேரள நிலச் சீர்திருத்தம் நின்ற இடம்

1957 ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் பதவியேற்ற கேரள அமைச்சரவை, ஆறாம் நாளே குடியானவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றத் தடை விதித்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வாக்குச்சீட்டின் வழியே ஆட்சிக்கு வந்த சோசலிசச் சிந்தனை முதலில் கைவைத்தது நிலத்தில்தான். பிறகு வந்தவை தடைகள். 1959 ஜூலை 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. 1961இல் உச்ச நீதிமன்றம் நிலச் சீர்திருத்தத்துக்கான விவசாய உறவுச் சட்டத்தை ரயத்துவாரி நிலங்களைப் பொறுத்தவரை செல்லாததாக்கியது. பின்வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1969ஆம் ஆண்டுத் திருத்தம் 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் ஜன்மி எனும் நிலவுடைமையாளர் முறை முடிந்தது. இது பெரிய வெற்றி, ஐயமில்லை. ஆனால் சட்டம் யாரை உழவன் என்று கண்டதோ, அவனோடு சமூக நீதியும் நின்றுவிட்டது என்பதே என் வாதம்.

மலபாரில் 1930களில் எழுந்த விவசாயிகள் இயக்கம் குத்தகைக்காரரின் துயரத்திலிருந்து பிறந்தது. பாட்டம் எனும் குத்தகைப் பணம் கட்ட முடியாமை, ஜன்மி நினைத்தால் வெளியேற்றம், அடாவடி வசூல் ஆகியவையே அது எழுப்பிய குறைகள். ஆகவே ஜன்மிக்கும் குடியானவனுக்கும் இடையிலான முரண்பாடே அதன் கோட்பாட்டின் அச்சாயிற்று. 'உழுபவனுக்கே நிலம்' என்பது சட்டமானபோது 'குத்தகைக்கு எடுத்தவனுக்கே நிலம்' என்று ஆனது இப்படித்தான். குத்தகைக்காரர்களில் பெரும்பாலோர் நாயர், ஈழவர், சிரியன் கிறித்தவர், மாப்பிள்ளை சமூகத்தினர். சேற்றில் இறங்கி நாற்று நட்ட புலையருக்கும் பறையருக்கும் குத்தகை எடுக்கும் தகுதியைச் சாதி முன்பே மறுத்திருந்தது. எந்தச் சாதியின் பெயரையும் சொல்லாத சட்டம், குத்தகையை வாசலாக வைத்ததாலேயே சாதியின் பழைய வேலியை அப்படியே விட்டுவைத்தது.

'குடிகிடப்புக்காரருக்கு 10 சென்ட் கொடுத்தார்களே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த 10 சென்டைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு அது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவருக்கு, கூலி போதாது என்று சொன்ன மறுநாள் கூரை இருக்குமா என்ற அச்சம் அதனால் போயிற்று. 1974ஆம் ஆண்டின் விவசாயத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின்னிருந்த சங்க பலத்துக்கும் அதில் ஒரு பங்குண்டு. ஆனாலும் 10 சென்ட் குடியிருக்கும் மண். பயிர் செய்து பிழைக்கும் மண் அல்ல. குத்தகைக்காரரின் பிள்ளைகள் நிலத்தை விற்றும் அடகு வைத்தும் படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் வழி தேடினார்கள். குடிகிடப்புக்காரரின் பிள்ளைகள் அந்த 10 சென்டையே பங்கு போட்டார்கள். 2007இல் செங்ஙறை ரப்பர் தோட்டத்தில் குடிசை போட்டவர்கள் வீட்டுமனையோடு விளைநிலமும் கேட்டதன் வேர் இதுதான்.

சட்டம் நின்ற இன்னோர் இடம் தோட்டங்கள். தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பு இல்லை. துண்டு போட்டால் உற்பத்தி குலையும், அந்நியச் செலாவணி போகும் என்றார்கள். தோட்டத்தைத் துண்டாடாமலே தொழிலாளிக்கு வீட்டையும் சிறு மனையையும் உரிமையாக்கியிருக்க முடியும். அதற்கு உற்பத்தி தடையல்ல. மூணாறு மலையில் தலைமுறைகளாகக் கொழுந்து பறிக்கும் தமிழர்களுக்கு இன்றும் லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் உள்ள வீடு வேலை உள்ளவரைதான். 2015இல் போனஸ் குறைப்பை எதிர்த்து 'பெம்பிளை ஒருமை'யாகத் திரண்ட பெண்கள், தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவைத்தே போராடினார்கள். 2020 ஆகஸ்ட் மழையில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனபோது, அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தது அத்தகைய லயங்களில்தான்.