டோம்பிவிலி: மனையும் விதியும்

முன்னுரை

மனை வகுக்கும் முறையைத் தமிழ் இலக்கியம் நுட்பமாகப் பதிவு செய்துள்ளது. பாண்டியனின் அரண்மனையை எழுப்புமுன் கட்டடநூல் வல்லார் கயிறு கொண்டு நிலத்தை அளந்த செய்தியை நெடுநல்வாடை கூறும். அளவு முன், சுவர் பின் என்பதே அம்முறை. மும்பைத் தமிழர் குடியேறிய பகுதிகளுள் ஒன்றான டோம்பிவிலியில் இம்முறை பல இடங்களில் தலைகீழானது ஏன் என்பதையும், அதன் சுமை யார்மேல் வீழ்ந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலிக்கு

1896இல் மும்பையில் பரவிய கொள்ளைநோயை அடுத்து, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அது முதலில் சாலையும் கழிவுநீர் வழியும் வகுத்தது. அதன்பின் மனைகளைக் கட்டுப்பாடுகளுடன் குத்தகைக்கு விட்டது. தென்னிந்திய நடுத்தரக் குடும்பங்கள் குடியேறிய மாட்டுங்கா இவ்வாறு உருவானதே.

1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவையொட்டி நிறுத்தியது. அது குடியிருப்போரைக் காத்தது. எனினும் வாடகைக்கு வீடு கட்டும் ஊக்கம் குன்றியது. சொந்த அடுக்ககம் வாங்கும் வழக்கம் பெருகவே, அதனை ஒழுங்குபடுத்த 1963இல் மகாராட்டிர அடுக்கக உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. நகருக்குள் விலை எட்டாதவர்கள் இருப்புப்பாதை வழியே வடக்கு நோக்கிச் சென்றனர். தொடர்வண்டி நிலையம் பெற்ற டோம்பிவிலி அவர்களுக்கு ஏற்ற ஊராயிற்று. கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி அமைந்ததோ 1983இல்தான்.

மீறல்களின் இயல்பு

மீறல்களை இருவகையாகப் பகுக்கலாம். ஒன்று, உரிமையாளரே செய்வது: பால்கனியை அடைத்து அறையாக்குதல், மொட்டை மாடியில் கூரையிடுதல், குடியிருப்பைக் கடையாக்குதல் போன்றவை. மற்றொன்று, கட்டுநர் செய்து விற்பது: அனுமதித்த தளப்பரப்பை மீறி மாடி எழுப்புதல், சுற்றிலும் விடவேண்டிய வெளியைக் குறைத்தல், வாகனங்களுக்குரிய தரைத்தளத்தை விற்றல், வேளாண் நிலத்தில் உரிய ஒப்புதலின்றிக் கட்டுதல் முதலியன. 1966ஆம் ஆண்டின் மகாராட்டிர வட்டார, நகரத் திட்டமிடல் சட்டம் அனுமதியற்ற கட்டுமானத்திற்குத் தண்டனையும் அகற்றும் அதிகாரமும் வகுத்துள்ளது.

இரண்டாம் வகையில் மீறல் கட்டடத்தோடு பிறக்கிறது, விற்பனையோடு கைமாறுகிறது. பதிவான பத்திரம், வரி ரசீது, மின் இணைப்பு ஆகிய மூன்றையும் வாங்குவோர் சட்ட ஒப்புதலாகக் கருதுகின்றனர். பத்திரப்பதிவு ஆவணத்தைப் பதிவதேயன்றி, கட்டடம் விதிப்படி அமைந்தது என்று உறுதி கூறுவதன்று. வரி செலுத்துவதும் மீறலை நீக்காது.

ஆட்சி எல்லை மாற்றமும் இக்குழப்பத்தை வளர்த்தது. 1983இல் மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட 27 ஊர்கள் 2002இல் நீக்கப்பட்டு, 2015இல் மீண்டும் சேர்க்கப்பட்டன. அனுமதி தரும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பது எளிய மக்களுக்குப் புலப்படாத நிலை இதனால் நேர்ந்தது.

அறுபத்தைந்து கட்டடங்கள்

இச்சிக்கலின் உச்சமாக 65 கட்டடங்களின் வழக்கைக் குறிப்பிடலாம். மாநகராட்சி வழங்கியனபோல் போலியாகப் புனையப்பட்ட தொடக்க அனுமதிச் சான்றுகளைக் காட்டி, மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் இவற்றுக்குப் பதிவு பெறப்பட்டது. கட்டடக்கலைஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 19 அன்று மும்பை உயர் நீதிமன்றம் இவற்றை இடிக்க ஆணையிட்டது. வாங்குவோரைக் காக்க 2016இல் பிறந்த சட்டத்தின் பதிவெண்ணே இங்கு ஏமாற்றுக்குக் கருவியாயிற்று. குற்றம் புரிந்தவர் பணத்துடன் நீங்க, அதன் பயன் குடியிருப்போர் தலைமேல் வீழ்கிறது.

முடிவுரை

மாட்டுங்காவில் அளவு முந்தியது. டோம்பிவிலியில் தேவையும் வணிகமும் அளவை முந்தின. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், கட்டடத்தின் நிறைவுச் சான்றையோ குடியேற்றச் சான்றையோ சரிபார்த்த பின்னரே வங்கிகள் அதனை ஈடாக ஏற்றுக் கடன் வழங்கவேண்டும் என்று பணித்தது. அளவை மீண்டும் முன்னிறுத்தும் முயற்சி இது. ஒப்புதல் பெற்ற வரைபடம், தொடக்க அனுமதி, குடியேற்றச் சான்று ஆகிய மூன்றையும் விற்பவர் காட்டும் படியில் அன்றி, வழங்கிய அலுவலகத்திலேயே சரிபார்த்தல் வேண்டும். எனினும் சரிபார்க்கும் பொறுப்பை வாங்குபவர்மேல் மட்டும் சுமத்துவது முறையாகாது. சுவர் எழும்போது வாளாவிருந்த ஆட்சி, குடும்பம் குடியேறிய பின் விதியை நினைவூட்டுவது நீதியின் பாதியே ஆகும்.