தலையில துண்டு: இழவு வீட்டு மரியாதை

இங்கிலீஷ் படங்கள்ல சாவு சீன் வந்தா கவனிச்சிருப்பீங்க. சவப்பெட்டி கடந்து போகும்போது ஆம்பளைங்க எல்லாரும் தொப்பியைக் கழட்டி நெஞ்சோடு வச்சுக்குவாங்க. நம்ம ஊர்ல அதெல்லாம் ஏதுன்னு கேக்கறீங்களா? தொப்பிதான் இல்லையே தவிர, சட்டம் பக்காவா இருக்கு. துண்டுல இருக்கு.

குமாரபாளையத்துல துண்டுக்குப் பஞ்சமே கிடையாது. தெருவுக்குத் தெரு தறிச்சத்தம். லுங்கியும் துண்டும் நெய்யற ஊர். 1988-ல எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) தவறினப்போ எனக்கு 12 வயசு. வெயிலுக்காகத் துண்டைத் தலையில கட்டிக்கிட்டு வாசல்ல நுழைஞ்சேன். பெரியப்பா ஒரே எட்டுல வந்து அதை உருவிட்டார்.

"எழவு வூட்டுக்குள்ள உருமாலோடவாடா வருவ? இடுப்புல கட்டு கண்ணு."

அன்னிக்குத்தான் துண்டுக்கு ஒரு மொழி இருக்குன்னு தெரிஞ்சது. தலையில கட்டினா கௌரவம். இடுப்புல கட்டினா பணிவு. கட்டாம தலைமேல சும்மா போட்டுக்கிட்டா துக்கம். தொழில்ல நொடிச்சவனை "தலையில துண்டைப் போட்டுக்கிட்டான்"னு சொல்றோமே, அந்தப் பேச்சுல இழவு வீட்டு வாசனை இருக்கா இல்லையா? தறி ஓட்டறவங்க நூல் விலை ஏறும்போதெல்லாம் சொல்ற வார்த்தை அது.

அவுத்த உருமால் திரும்பத் தலைக்கு ஏறணும்னா கருமாதி வரைக்கும் காத்திருக்கணும். மொட்டைத் தலையோட உக்காந்திருந்த எங்கப்பாவுக்குத் தாய்மாமன் புதுத்துணி கொண்டாந்து உருமால் கட்டினார். இனிமே இந்த வீட்டுக்கு நீதான் தலைன்னு ஊர் முன்னாடி சொல்ற சடங்கு. உருமால்ங்கறது ரூமால்ங்கற பாரசீக வார்த்தையிலிருந்து வந்தது. முகம் துடைக்கிற துணின்னு அர்த்தம். முகம் துடைக்க வந்த துணி நம்மாளுங்க தலையில ஏறி கிரீடம் ஆயிடுச்சு :-) கோயில் நோம்பிக்கு வசூல் பண்றோமே தலைக்கட்டு வரி, அதுலயும் குடும்பத்துக்குக் கணக்கு தலைதான்.

நிற்க. தலையைத் திறக்கறதுதான் மரியாதைன்னு எல்லா ஊர்லயும் சொல்ல முடியாது. அப்பாருவோட சிநேகிதர் ஒரு பாய், நூல் வியாபாரி, அன்னிக்கு வந்தார். வெள்ளைத் தொப்பி தலையிலேயே இருந்துச்சு. பெரியப்பா அவரையும் பிடிப்பார்னு ஆவலோட பாத்தேன். ம்ஹூம். கேட்டதுக்கு, "அவிங்களுக்குத் தலைய மறைக்கறதுதான்டா மருவாதி"ன்னார். சீக்கியர்கள் தலைப்பாகையை அவுக்கறதில்லை. போலீஸ்காரங்க தொப்பியோடவேதான் சல்யூட் வைக்கறாங்க.

இதுல உச்சம் எம்ஜிஆர். 1987 டிசம்பர் 24-ல இறந்தார். ராஜாஜி ஹால்ல கிடத்தியிருந்தப்பவும் சரி, மறுநாள் மெரினாவுல அடக்கம் பண்ணினப்பவும் சரி, வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அப்படியே இருந்துச்சு. மரியாதை செய்ய வந்தவங்க துண்டு தோள்ல இருந்து இறங்கலாம், அவர் தொப்பி மட்டும் இறங்கக் கூடாது. அந்தத் தொப்பி இல்லாம அவரை வழியனுப்ப ஜனங்களுக்கு மனசு வரலை.

இதுவரைக்கும் சொன்னது சுவாரசியமான பகுதி. மீதி அவ்வளவு சுகமா இல்லை.

செத்தவங்க முன்னாடி நாம ஒரு நாள் செய்யறதை, உயிரோட இருக்கறவங்க முன்னாடி ஆயுசு பூரா செய்யச் சொல்லி சிலரைக் கட்டாயப்படுத்தியிருக்கோம். 1930 டிசம்பர்ல ராமநாதபுரம் பக்கம் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் போட்டாங்க. ஆம்பளைங்க முழங்காலுக்குக் கீழயும் இடுப்புக்கு மேலயும் துணி போடக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை, செருப்பு கூடாது. அடுத்த வருஷமே தடைகள் 11 ஆச்சு. ஹட்டன் தன்னோட சாதி பத்தின புத்தகத்துல இதைப் பதிஞ்சு வச்சிருக்கார். தலைக்கும் தோளுக்கும் துணி ஏறாம இருந்தா, அது எழவு வீட்டுக் கோலம்தானே? ஒரு முழு சமூகத்தையும் தினமும் அந்தக் கோலத்துல நிக்க வச்சிருக்காங்க.

இதைப் படிச்சப்போ ராமநாதபுரம் ஞாபகத்துக்கு வரலை. எங்க வாசல்தான் வந்துச்சு. அப்பாருகிட்ட வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் உண்டு. அப்பாருவைப் பாத்தாலே துண்டு தோள்ல இருந்து கக்கத்துக்குப் போயிடும். "சாமி"ன்னுதான் கூப்பிடுவார். அப்பாரு ஒரு நாள் கூட "தோள்ல போடப்பா"ன்னு சொன்னதில்லை. நல்ல மனுஷர்னு ஊரே சொல்லுது, நானும் சொல்றேன். ஆனா அதைச் சொல்லலை.

பாடை தூக்கினப்போ எல்லார் துண்டும் இடுப்புல. வரிசையில யார் பெரியவங்க, யார் சின்னவங்கன்னு தெரியலை. அந்தப் பெரியவரும் அதே மாதிரிதான் நின்னார், கொஞ்சம் தள்ளி. காவிரியில தலை முழுகிட்டுக் கரையேறினதும் ஒவ்வொருத்தரா துண்டைப் பிழிஞ்சு தோள்ல போட்டுக்கிட்டோம். நானும் பெரிய மனுஷனாட்டம் போட்டுக்கிட்டேன்.

அவர் பிழிஞ்சு கக்கத்துல வச்சுக்கிட்டார். அப்பாரு போயிட்டார், ஆனா எங்கப்பா நின்னுட்டிருந்தாரே.

எங்கப்பாவுக்கு உருமால் கட்டினதை நினைச்சா அந்த ஈரத்துண்டும் சேந்தே ஞாபகம் வருது. உங்க ஊர்ல உருமால் யார் கட்டுவாங்க, யார் தலைக்குக் கட்டுவாங்க? அப்படியே, யாருக்குக் கட்ட விடலைங்கறதையும் வீட்ல பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க மக்களே.