பிரித்தானியப் பொதுத்தேர்தல், 2024

கருத்துக்கணிப்புகளில் தொழிற்கட்சியைவிட ஏறத்தாழ 20 புள்ளிகள் பின்தங்கியிருந்த கன்சர்வேட்டிவ் கட்சி, 14 ஆண்டு ஆட்சிக்குப் பின் தானாகவே முன்வந்து சந்தித்த தேர்தல். நாடாளுமன்றத்தைக் கலைக்கும் நேரத்தைப் பிரதமர் தேர்ந்தெடுக்கும் வசதியை 2022ஆம் ஆண்டுச் சட்டம் மீட்டுத் தந்திருந்தது. 2025 ஜனவரி வரை அவகாசம் இருந்தும், 2024 மே 22 அன்று கொட்டும் மழையில் நின்றபடி அன்றைய பிரதமர் ரிஷி சுனக் ஜூலை 4ஐத் தேர்தல் நாளாக அறிவித்தார். அன்று காலைதான் பணவீக்கம் 2.3 சதவீதமாகக் குறைந்த செய்தி வெளியாகியிருந்தது. கட்சிக்குக் கிடைத்தவை 121 இடங்கள்; அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு.

அவசரமே தோல்விக்குக் காரணம் என்பது பரவலான குற்றச்சாட்டு. ஆகஸ்டில் இங்கிலாந்து வங்கி வட்டியைக் குறைத்தது உண்மைதான். காத்திருந்தால் அது உதவியிருக்கும் என்பார்கள். ஆனால் 1997இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான் மேஜர் ஏறக்குறைய முழுப் பதவிக்காலமும் காத்திருந்தார், பொருளாதாரமும் வளர்ந்துகொண்டிருந்தது; கிடைத்தவை 165 இடங்களே. ஆட்சிமீது வெறுப்பு ஊறிய பின் விலைவாசிப் புள்ளிவிவரம் வாக்காளரை அசைப்பதில்லை. தேர்தல் நாளைவிட வாக்குப் பிளவே பெரிதாக வேலை செய்தது: நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 14 சதவீத வாக்குகளுடன் 5 இடங்களை மட்டுமே வென்றாலும், வலதுசாரி வாக்குகளைப் பல தொகுதிகளில் பிரித்தது. தொழிற்கட்சியோ வெறும் 34 சதவீதத்தில் 400 இடங்களைத் தாண்டியது.