பனிக்கட்டிக்குள் வைத்த கண்

வணிகவியல் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு நட்சத்திரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் கணக்கு டேலி ஆன கதைதான். ஆக 127 வருஷம் பிடித்தது.

அல்கோல் என்றொரு விண்மீன். டிசம்பர் இரவுகளில் வடக்கே தெரியும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை மங்கி, மறுபடி பிரகாசிக்கும். இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்த ஜான் குட்ரிக், 1783-ல் இந்தக் கணக்கைப் போட்டார். வயது 18, காது கேளாதவர். ஏதோ ஒரு இருண்ட கோள் குறுக்கே வந்து மறைக்கிறது என்பது அவர் ஊகம். 21 வயதில் இறந்தும் போனார்.

1889-ல் ஹெர்மான் வோகல் நிறமாலையை வைத்து, ஒரு துணை உண்டு என்று நிரூபித்தார். சரி, அந்தத் துணை உண்மையிலேயே இருட்டா? அதற்கும் ஒளி இருந்தால், அது பின்னால் போய் மறையும்போது மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறைய வேண்டுமே! குறைவு வெறும் ஐந்தாறு சதவீதம். அதை நிச்சயமாகச் சொல்ல மனிதக் கண்ணால் முடியவில்லை.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜோயல் ஸ்டெபின்ஸ் வேறு வழி பார்த்தார். வெளிச்சம் பட்டால் செலினியத்தின் மின்தடை குறையும் என்பது 1873-லேயே தெரிந்த விஷயம். 1907-ல் செலினியம் செல்லை வைத்து நிலா வெளிச்சத்தை அளந்தார். விண்மீனுக்கு வந்தபோதுதான் சிக்கல். இருட்டில் வைத்தாலும் மின்னோட்டம் தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. இதைத்தான் இரைச்சல் என்கிறார்கள். கல்லாவில் தினமும் நூறு ரூபாய் கூடக் குறைய இருந்தால், லெட்ஜரில் பைசா வரை எழுதி என்ன பயன்?

அவர் செய்த வைத்தியம் எளிமையானது. செல்லைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்தார். குளிரில் இரைச்சல் அடங்கியது. பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு இரவு இரவாக அளந்தார். 1910-ல் அந்தச் சின்னச் சரிவு தெரிந்துவிட்டது. துணைக்கும் ஒளி உண்டு! குட்ரிக்கின் ஊகத்தில் மறைப்பு சரி, இருட்டு மட்டும் தவறு.

வீட்டில் பிள்ளைகள் பள்ளி ப்ராஜெக்டுக்கு ஒளி உணரி வாங்கினால் இதைச் சொல்லிக்கொடுங்கள். 10 பிட் சர்க்யூட் 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். அது பிரிதிறன். உணரியைக் கறுப்புத் துணியால் மூடி நூறு தடவை அளக்கச் சொல்லுங்கள். எண் நாலைந்து படி குதித்தால், அது இரைச்சல். அதைவிடச் சின்ன மாற்றத்தை ஒரே அளவீட்டில் நம்ப முடியாது. நூறு அளவீட்டின் சராசரி எடுத்தால், ஒழுங்கற்ற இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும்.

விலை உயர்ந்த கருவி வாங்குவதற்கு முன்னால், இருக்கிற கருவி சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது நல்லது. பனிக்கட்டி மலிவுதானே!