வியன்னாவின் சலவைக்கூடங்கள்

முதல் உலகப் போருக்கு முன் வியன்னாவின் தொழிலாளர் குடியிருப்புகளில் தண்ணீர் வீட்டுக்குள் வராது. மாடிக்கு மாடி நடைவழிச் சுவரில் ஒரு குழாய்த் தொட்டி இருக்கும். அதன் பெயர் 'பசேனா'. கழிவறையும் அந்த நடைவழியில்தான், பல குடும்பங்களுக்குப் பொதுவாக. வாடகைக்குத் திண்டாடியவர்கள், காலியாகக் கிடக்கும் படுக்கையைக்கூட சில மணி நேரத்துக்கு வெளியாட்களுக்கு விட்டுக் காசு பார்த்தார்கள். காசநோய்க்கு 'வியன்னா நோய்' என்றே பெயர். இத்தனைக்கும் நடுவில் பசேனா நம்மூர்க் குழாயடியாகத்தான் இருந்தது: வம்பு, சண்டை, கைமாற்று எல்லாம் அங்கேதான்.

1919 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி நகராட்சியைப் பிடித்தது. 1922இல் வியன்னா தனி மாநிலமாகி, வரி போடும் அதிகாரம் கைக்கு வந்தது. மறு ஆண்டே நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் வீட்டுவசதி வரியைக் கொண்டுவந்தார். மாளிகைக்காரர்களுக்கு அது சுட்டது, சிறு வீடுகளுக்குப் பெயரளவுதான். அந்த வரியின் துணையோடு 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட நகராட்சி வீடுகள் எழுந்தன.

குழாய் வீட்டுக்குள் வந்தது, பசேனா போனது. அங்கே கூடிய கூட்டத்துக்கு நகராட்சி வேறு இடம் கட்டிக் கொடுத்தது.

மாடிப்படி வாசல்களைத் தெருவைப் பார்த்து வைக்காமல் உள்முற்றத்தைப் பார்த்து வைத்தார்கள். வீடு திரும்புகிற எவரும் அண்டை அயலார் கண்ணில் படாமல் படியேற முடியாது. கார்ல் ஏன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு வளாகம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள். ஆனாலும் கட்டடம் நின்றது மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில். மற்றதெல்லாம் முற்றமும் தோட்டமும். குளியல் கூடங்கள், மழலையர் பள்ளிகள், நூலகம், பல் மருத்துவமனை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே.

இவற்றில் பெண்களை உண்மையில் ஒன்றுசேர்த்தது பொதுச் சலவைக்கூடம்தான். வெந்நீர், மின்சாரத்தில் ஓடும் துவைப்பு இயந்திரம், பிழிவதற்கு ஒன்று, உலர்த்த சூடான அறை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறைநாள் உண்டு. முன்பு முதுகை ஒடித்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. மேற்பார்வையாளரைத் தவிர வேறு ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. சமத்துவம் பேசிய கட்சி, துவைப்பது பெண் வேலைதான் என்பதை மட்டும் கேள்வி கேட்கவில்லை! இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆணை வைத்தது அதைவிட வேடிக்கை.

1934 பிப்ரவரியில், சமூக ஜனநாயகக் கட்சியினரை ஒடுக்க, ஆஸ்திரியப் பிரதமர் டோல்ஃபுஸின் அரசுப் படை கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது பீரங்கியால் சுட்டது. உள்ளே இருந்து எதிர்த்தவர்களில் பலர் இந்த முற்றங்களில் பழகி ஒன்றானவர்கள். நகராட்சி ஆட்சியும் அத்தோடு கலைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுக்கு வீடு துவைப்பு இயந்திரம் வந்து முறைநாளின் அவசியத்தைக் குறைத்தது. 2010இல் கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் பழைய சலவைக்கூடம் ஒன்றில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதே ஆண்டு, நகராட்சிக் குடியிருப்புகளில் அக்கம்பக்கத்துத் தகராறுகளைப் பேசித் தீர்க்கவும் குடியிருப்போரைப் பழகவைக்கவும் 'வோன்பார்ட்னர்' என்ற சேவையை வியன்னா தொடங்கியது. அந்த வேலைக்கு இப்போது சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.