“மன்னிக்கவும், கேபிள் கோளாறு”: ஜாக்சன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் வரலாறு

1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில், இன உறவுகள் குறித்த என்பிசி வலையமைப்பின் நிகழ்ச்சி ஒன்று வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. அதில் கறுப்பின மக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தோன்றியதும் திரையில் படம் மறைந்து, “மன்னிக்கவும், கேபிள் கோளாறு” என்ற அறிவிப்பு வந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்ற தீர்ப்பை முந்தைய ஆண்டுதான் அவர் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்றிருந்தார். கேபிளில் கோளாறு ஏதுமில்லை, நிலையமே வேண்டுமென்று நிகழ்ச்சியைத் துண்டித்தது என்று கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திற்குப் புகார் சென்றது. டபிள்யூஎல்பிடி என்னும் அந்த நிலையத்தின்மீது ஆணையத்திற்குச் சென்ற முதல் புகார் இது. நிலையம் தன் உரிமத்தை இழக்க இதன் பின்னரும் 14 ஆண்டுகள் ஆயின.

தூர்தர்ஷனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ‘இணைப்பு நிலையம்’ என்ற ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். தூர்தர்ஷனில் மையமும் அஞ்சல் நிலையமும் ஒரே அரசுக்கு உரியவை. அமெரிக்காவில் என்பிசி, சிபிஎஸ், ஏபிசி ஆகிய வலையமைப்புகள் நிகழ்ச்சிகளைத் தயாரித்தன. அவற்றை ஊர்தோறும் ஒளிபரப்பிய நிலையங்களில் மிகப்பல உள்ளூர் முதலாளிகளுக்குச் சொந்தமானவை. நியூயார்க்கிலிருந்து வந்த நிகழ்ச்சி தொலைபேசி நிறுவனத்தின் இணைப்புகள் வழியாக நிலையத்தை அடைந்தது. உரிமம் ஆணையம் வழங்கியது. அதன் காலம் அப்போது மூன்றாண்டு. ‘பொதுநலன், வசதி அல்லது தேவை’ என்பதே உரிமத்திற்கான சட்ட அளவுகோல். வலையமைப்பு அனுப்பும் எதையும் மறுக்கும் உரிமை உள்ளூர் நிலையத்திற்கு இருந்தது.

இந்த மறுக்கும் உரிமையின் பிறப்பைக் கவனிக்க வேண்டும். 1941இல் ஆணையம் வானொலிச் சங்கிலிகளின் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்த விதிகள் வகுத்தபோது, நியூயார்க் நிறுவனங்கள் சிற்றூர் நிலையங்களை வெறும் குழாய்களாக்கிவிடக் கூடாது என்ற நோக்கில் அதை உறுதிசெய்தது. 1943இல் உச்ச நீதிமன்றமும் அவ்விதிகளை ஏற்றது. தன் ஊருக்கு எது ஏற்றது என்பதை ஊர்க்காரரே அறிவார் என்பது அதன் தருக்கம். மறுக்கத் தகாத தருக்கமே. ஆனால் ஊர்க்காரர் யார் என்ற வினாவை எவரும் எழுப்பவில்லை.

டபிள்யூஎல்பிடி 1953 டிசம்பர் 28 அன்று மூன்றாம் அலைவரிசையில் ஒளிபரப்பைத் தொடங்கியது. உரிமையாளர் லாமர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். நிலையத்தின் பொது மேலாளர் ஃப்ரெட் பியர்ட், இனப் பிரிவினையைக் காக்கவெனத் தோன்றிய வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தின் உறுப்பினர். நிலையத்தின் முதன்மைச் சேவைப் பரப்பில் வாழ்ந்தோரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள் என்பதைப் பின்னர் நீதிமன்றமே பதிவுசெய்தது. அதாவது அந்நிலையத்தின் ‘உள்ளூர்’ என்ற சொல் ஏறக்குறைய பாதி ஊரை வெளியே நிறுத்தியிருந்தது.

1957இல் பிரிவினையை ஆதரித்த நிகழ்ச்சிக்கு மறுமொழி கூற நேரம் மறுக்கப்பட்டதாக மற்றொரு புகார் எழுந்தது. 1958இல் உரிமப் புதுப்பிப்பு வந்தபோது ஆணையம் முதலில் தயங்கியது. பிறகு, தவறுகள் நடந்தது உண்மை, ஆயினும் அவை தனித்தனிச் சம்பவங்கள் என்று கூறி வழக்கமான மூன்றாண்டை வழங்கியது. 1962இல் ஜேம்ஸ் மெரிடித் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர முயன்ற நாள்களில் நிலையம் அதற்கு எதிரான கருத்துரைகளை ஒளிபரப்பியது. அதே ஆண்டில் காங்கிரசுக்குப் போட்டியிட்ட மளிகைக் கடைக்காரரும் போதகருமான ஆர். எல். டி. ஸ்மித், பணம் கொடுத்தும் தொலைக்காட்சியில் பேச நேரம் பெற நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

1963 மே 20 அன்று ஒரு விலக்கு நேர்ந்தது. நகர மேயர் ஆலன் தாம்ப்சனின் உரைக்கு மறுமொழியாக, தேசியச் சங்கத்தின் மிசிசிப்பி களச் செயலாளர் மெட்கர் எவர்ஸ் அந்நிலையத்தில் 17 நிமிடம் பேசினார். கறுப்பினத் தலைவர் ஒருவர் தம் மக்களின் கோரிக்கைகளை இடையீடின்றி அந்நகரத்துக்கு எடுத்துரைத்த அரிய தருணம் அது. அதுவரை பெயரளவில் அறிந்திருந்த ஒருவரின் முகமும் குரலும் வெள்ளையர் வீட்டுக் கூடங்களுக்குள் சென்றன. 23 நாள்களுக்குப் பின், ஜூன் 12 அன்று, எவர்ஸ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். உரைக்கும் கொலைக்கும் நேரடித் தொடர்பு கற்பிப்பது வரலாற்றாய்வாளர் செய்யத்தக்கதன்று. ஆனால் அந்த ஊரில் திரையில் தோன்றுவதற்கு என்ன விலை இருந்தது என்பதை இந்த 23 நாள்களைத் தவிர்த்துப் பேசவும் இயலாது.

இவ்வரலாற்றின் நடுநாயகமான சிக்கல் சான்று பற்றியது. செய்தித்தாள் அச்சில் நிற்கும். ஒளிபரப்போ அந்தக் கணத்திலேயே கரைந்துபோகும். காட்டப்படாத ஒன்றை எப்படி மெய்ப்பிப்பது? ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் தகவல்தொடர்பு அலுவலக இயக்குநர் எவரெட் பார்க்கர் இதற்கு மிக எளிய, மிகக் கடினமான வழியைத் தேர்ந்தார்: உட்கார்ந்து பார்ப்பது. 1964 மார்ச் 1 முதல் 7 வரை, பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள் ஜாக்சன் நிலையங்களின் ஒளிபரப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்டு, யார் தோன்றினர், எவ்வளவு நேரம், எவ்வாறு விளிக்கப்பட்டனர் என்று நிமிடக் கணக்கில் தாளில் குறித்தனர். அவர்கள் வெள்ளையர்கள். ஊரில் என்ன நேரும் என்பதறிந்து, அவர்களுடைய பெயர்கள் வெளியிடப்படாமல் காக்கப்பட்டன.

அத்தாள்கள் காட்டிய உலகம் விசித்திரமானது. ஊரில் பாதியாக இருந்த மக்கள் திரையில் ஏறத்தாழ இல்லை. உள்ளூர்ச் சமய நிகழ்ச்சிகளில் கறுப்பினப் போதகர்களுக்கு இடமில்லை. கறுப்பினத்தவரின் பெயர்களுக்கு முன் ‘மிஸ்டர்’, ‘மிசஸ்’ என்ற மரியாதை அடைகள் விடுபட்டிருந்தன. இது சிறிய குறை என்று ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்குத் தோன்றலாம். ‘வந்தார்’ என்பதற்கும் ‘வந்தான்’ என்பதற்கும் இடையே உள்ள ஓரெழுத்தில் ஒரு சமூக வரலாறே அடங்கியிருப்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1964 ஏப்ரலில், இத்தாள்களுடன் பார்க்கரின் அலுவலகமும், மாநிலத் தேசியச் சங்கத் தலைவர் ஏரன் ஹென்றியும், முன்னர்க் கண்ட ஆர். எல். டி. ஸ்மித்தும், டூகலூவில் இருந்த ஐக்கிய கிறிஸ்து திருச்சபையும் உரிமப் புதுப்பிப்பை எதிர்த்து மனு அளித்தனர். 1965இல் ஆணையம் அளித்த விடை சட்ட வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. மனுதாரர்களுக்கு வழக்காடும் தகுதியே இல்லை என்றது அது. அதுவரை இத்தகைய வழக்கில் நுழையத் தகுதி பெற்றோர் இருவகையினர்: வருமான இழப்பு ஏற்படும் போட்டி நிலையத்தார், மின் அலைக் குறுக்கீட்டால் பாதிக்கப்படும் ஒலிபரப்பாளர். பார்ப்பவருக்கு என்ன இழப்பு? அதற்குப் பெயரே இருக்கவில்லை. பொதுநலனுக்காக இயங்கிய ஓர் ஆணையத்தின் வாசலில் பொதுமக்கள் மட்டுமே அந்நியர். நிலையத்திற்கோ விசாரணையின்றி ஓராண்டுப் புதுப்பிப்பு, நன்னடத்தை நிபந்தனைகளுடன் கிடைத்தது.

1966 மார்ச் 25 அன்று கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதிய வாரன் பர்கர் பழமைவாதி என்று அறியப்பட்டவர். இப்புரட்சி அவர் கையால் நிகழ்ந்தது வரலாற்றின் சிறு வேடிக்கை. நேயர்களே ஒளிபரப்பில் மிக நேரடியான அக்கறை உடையவர்கள். அவர்களுடைய பொறுப்பான பிரதிநிதிகளை விசாரணைக்குள் விட வேண்டும். பொதுச் சொத்தான அலையைப் பயன்படுத்தும் உரிமம் கடப்பாடுகளோடு வருவது என்பது தீர்ப்பின் சாரம். (அலைக்கற்றை பொதுச் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் கூற 1995 வரை ஆயிற்று.)

தீர்ப்பு வந்தவுடன் நீதி வந்துவிடவில்லை. 1967 மே மாதம் ஜாக்சனில் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி மனுதாரர்களை வாதிகளைப் போலவும் நிலையத்தைப் பிரதிவாதியைப் போலவும் நடத்தி, மெய்ப்பிக்கும் சுமை முழுவதையும் முன்னவர்மேல் ஏற்றினார். தாள்களில் குறிக்கப்பட்ட அந்த ஒரு வாரக் கணக்கு பொருட்டாகக் கொள்ளப்படவில்லை. 1968இல் ஆணையம் பெரும்பான்மை வாக்கில் உரிமத்தைப் புதுப்பித்தது. கென்னத் காக்ஸ், நிக்கலஸ் ஜான்சன் ஆகிய இருவர் மாறுபட்டனர். வழக்கு மீண்டும் பர்கரிடம் சென்றது. 1969 ஜூன் 20 அன்று அவர் எழுதிய இரண்டாம் தீர்ப்பு கடுமையானது: ஆணையத்தின் பதிவேடு சீர்செய்ய முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டது, எனவே புதுப்பிப்பு செல்லாது, பிறரிடமிருந்தும் விண்ணப்பங்கள் பெறப்பட வேண்டும். மூன்று நாள்களில் பர்கர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார்.

1971 ஜூனில், இரு இனத்தவரும் இணைந்த, இலாப நோக்கமற்ற ‘தகவல்தொடர்பு மேம்பாட்டு நிறுவனம்’ இடைக்காலப் பொறுப்பேற்றது. மறு ஆண்டு வில்லியம் டில்டே பொது மேலாளரானார். அமெரிக்க வணிகத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் அப்பதவி வகித்த முதல் கறுப்பினத்தவர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுபவர் அவர். நிலையத்தின் ‘மிசிசிப்பியில் அதிகார அரசியல்’ என்ற நிகழ்ச்சி 1976ஆம் ஆண்டுக்கான பீபாடி விருதைப் பெற்றது. நிரந்தர உரிமத்திற்குப் பல குழுக்கள் மோதியதால் இடைக்காலம் பத்தாண்டை நெருங்கியது. இறுதியில் அதைப் பெற்றது, கறுப்பினப் பங்குதாரர்கள் பெரும்பான்மை கொண்ட நிறுவனம். அதன் இயக்குநர் குழுத் தலைவர், 1965இல் வழக்காடும் தகுதி மறுக்கப்பட்ட அதே ஏரன் ஹென்றி.

இத்தனை ஆண்டுகளிலும் என்பிசி தன் இணைப்பை முறித்துக்கொள்ளவில்லை. பழைய உரிமையாளரோடும் புதியவரோடும் அது வணிகம் செய்தது; இன்றும் அந்நிலையம் என்பிசி இணைப்பு நிலையமே. ஜாக்சன் வரலாற்றை எழுதுவோர் உள்ளூர் வில்லன்களை விரிவாகப் பேசுமளவுக்கு நியூயார்க்கின் மௌனத்தைப் பேசுவதில்லை.

1966 தீர்ப்பு நாடெங்கும் நேயர் குழுக்களுக்கு ஒரு கருவியைத் தந்தது. 1969இல் டெக்சர்கானாவில் கறுப்பின அமைப்புகள் எதிர்ப்பு மனுவைத் திரும்பப் பெறுவதற்கு ஈடாக கேடிஏஎல் நிலையத்திடம் எழுத்துப்பூர்வ உறுதிமொழிகள் பெற்றன. அதே ஆண்டில் ஒளிபரப்பு வேலைவாய்ப்பில் பாகுபாட்டை ஆணையம் தடைசெய்தது. ஆனால் கருவியின் கூர்மை உரிமக் காலத்தைப் பொறுத்தது. மூன்றாண்டாக இருந்த தொலைக்காட்சி உரிமம் 1981இல் ஐந்தாண்டாகவும், 1996இல் எட்டாண்டாகவும் நீட்டப்பட்டது. மாற்றுக் கருத்துக்கு இடமளிக்கச் சொன்ன நியாயக் கோட்பாடு 1987இல் கைவிடப்பட்டது. 2019இல் மூன்றாம் அலைவரிசை கிரே என்னும் பெருங்குழுமத்தின் கைக்குச் சென்றது. அக்குழுமத்திடம் இருந்த நிலையங்கள் பல நகரங்களில் பரவியவை.

நிலையம் 1954 முதல் 1971 வரை எடுத்த செய்திப் படச் சுருள்கள் இப்போது மிசிசிப்பி மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குடியுரிமைப் போராட்டம் பற்றி ஆய்வு செய்வோர் அவற்றை நாடிச் செல்கின்றனர். கேமரா அங்கே இருந்தது என்பதை அச்சுருள்கள் மெய்ப்பிக்கும். படம் எடுக்கப்பட்டதற்கும் அது ஊருக்குக் காட்டப்பட்டதற்கும் இடையிலான தொலைவை அளக்க, 1964 மார்ச்சில் பெயர் மறைத்தோர் குறித்த ஒரு வாரத் தாள்களைத்தான் அவற்றின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.